கேள்வி எண் பதினொன்று

கத்திவாக்கம் ஸ்டேஷன், காலை ஐந்தே முக்கால்.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்.
நாளைக்கு நாற்பது பேர் என்று பேச்சு.
நாற்பத்தோராவது ஆளுக்குக் காசு கிடையாது.

இன்னும் இரண்டு தண்டவாளம் போடலாமா என்று
எங்கோ ஏசி அறையில் யோசிக்கிறார்கள்.
கிலோமீட்டருக்கு இத்தனை கோடி.
அந்தப் பூஜ்யங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்;
நடுவில் கும்மிடிப்பூண்டி லோக்கல் வந்து
எண்ணிக்கை தப்பிவிட்டது.

முதல் பத்துக் கேள்விகள் சுலபம்.
எங்கே ஏறுவீர்கள், எங்கே இறங்குவீர்கள்,
பாஸா டிக்கெட்டா
(இதற்குச் சிலர் இருமுவார்கள்).
பதினொன்றில்தான் எல்லாரும் நிற்பார்கள்:
உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு எத்தனை ரூபாய்?

மிச்சமாகும் நிமிடங்களையெல்லாம் காசாக்கி
ஊர் முழுக்கக் கூட்டினால்
போட்ட பணத்தை அது தாண்டவேண்டுமாம்.
தாண்டாவிட்டால் கோப்பைக் கட்டி
மேலே வைத்துவிடுவார்கள்.

பிலோமினா, நண்டுக்கூடை:
"அஞ்சு மணிக்குக் கேட்டா ஆயிரம் சொல்லுவேன்.
பதினோரு மணிக்குக் கேட்டா
ஐஸுக்குக் குடுத்த காசுகூடத் தேறாது.
இன்னா போடுவியோ போட்டுக்க."
கட்டத்தில் ஒரே ஒரு எண்தான் ஏறும்.

தேசப்பன், அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி.
எழுநூறைப் பன்னிரண்டால் வகுத்தார், மனக்கணக்காய்.
ஐம்பத்தெட்டு ரூபாய், முப்பத்து மூன்று காசு.
"காசைத் தள்ளிடும்மா.
கான்ட்ராக்டரும் அதைத் தள்ளிட்டுதான் தர்றான்."

ஜெசிமா, நர்சிங் இரண்டாம் வருஷம்:
"பத்து நிமிஷம் லேட்டானா ஒரு நாள் அட்டெண்டன்ஸ் போச்சு.
அப்ப ஒரு மணி நேரம் ஆறு நாள், இல்லக்கா?"
ரூபாயில் சொல் என்றேன். சிரித்தாள்.

யுகேந்திரன், டயர் பஞ்சர் கடை.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை,
தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க வந்தவர்.
"எளுதிக்க. எனக்கு ரயிலே வாணாம்.
கேட்டு மூடுனா அரை மணி நேரம்.
என் வூட்டுக்காரி ஆட்டோவுலயே பெத்தா.
அந்தக் காசுல ஒரு பாலம் கட்டு,
மீதியில மழத்தண்ணி போவ வழி பண்ணு.
முட்டி வரிக்கும் தண்ணியில நிக்கிறவனுக்கு
எதுக்குய்யா நாலாவது லைனு?"
அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.
"பிற கருத்துகள்" என்ற பெட்டியில் அடித்தேன்.
நூறு எழுத்துக்குமேல் வாங்கவில்லை.
"ஒரு பாலம் க"வோடு நின்றது.

ஆறு இருபது வண்டி ஆறு ஐம்பதுக்கு வந்தது.
எண்ணூருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்து
நிலக்கரி வேகன்களை முன்னே விட்டார்களாம்.
ஐம்பத்தெட்டு வேகன்.
நிலக்கரியிடம் யாரும்
பதினொன்றாம் கேள்வி கேட்டதில்லை.

வண்டி போனபின் பிளாட்பாரம் காலி.
சாம்பல் படிந்த பெஞ்சு, நான், ஒரு நாய்.
அப்போதுதான் தோன்றியது:
ஏறுகிறவர்களைத்தான் எண்ணுகிறோம்.
ஏறுவதை விட்டவர்களை எங்கே போய்க் கேட்பது?

போன வருஷம் கிண்டியில் ஒரு வேலை.
லோக்கலில் போய், சென்ட்ரலில் இறங்கி,
சுரங்கப்பாதையில் ஓடி, பார்க்கில் அடுத்ததைப் பிடித்து,
போக இரண்டு, வர இரண்டரை.
ஐந்து மாதம் ஓடினேன்.
ஆறாவது மாதம் ஒரு திங்கட்கிழமை
பார்க் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.
எந்த அறிக்கையிலும் அந்தப் படி இல்லை.

நாற்பத்தொன்று என்று புதுப் படிவம் திறந்தேன்.
பெயர்: கஜப்பிரியா. வயது இருபத்தெட்டு.
பத்துக் கேள்வி சரசரவென்று போயிற்று.
பதினொன்றைக் காலியாக விட்டு அழுத்தினால்
சிவப்பில் எழுத்து:
இந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே செல்ல இயலாது.

சார்ஜ் ஒன்பது சதவீதம்.
அடுத்த வண்டி ஏழு பத்து என்கிறது பலகை.
கூடையை இறக்கி வைத்து
அதே பெஞ்சில் வந்து உட்காருகிறாள் பிலோமினா;
கூட்டத்தில் ஏற முடியவில்லையாம்.
நண்டுக்கு மேல் ஐஸ் கரைந்து
என் செருப்புவரை வந்துவிட்டது.
"இன்னும் அந்த மணி நேரத்தையா
கணக்குப் போட்டுக்கிணு கீற?" என்கிறாள்.